பாதுகாப்பு படிக்கும் பிள்ளைகளை ஆலைக்குள் நடக்க விடுங்கள்

ஆலை நிர்வாகிகளுக்கும், தொழிலகப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பு நடத்தும் கல்லூரி முதல்வர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்களுக்கும்,

சென்ற மாதம் நான் வேலை பார்க்கும் ஆலையின் நேர அலுவலகச் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். பாதுகாப்புப் படிப்பிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இனி உற்பத்திப் பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து வீடியோ பார்க்கலாம், கையேடு படிக்கலாம், பழைய படிவங்களை அடுக்கி வைக்கலாம். பதினைந்தாம் நாள் மாலை முத்திரையோடு சான்றிதழ் கிடைக்கும். அன்று காலைதான் இரண்டு மாணவர்களும் ஒரு மாணவியும் புதிய ஹெல்மெட்டோடு கேட்டில் வந்து நின்றிருந்தார்கள். அந்த ஹெல்மெட்டுகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

அவர்களுடைய கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினேன். பொறுப்பாசிரியர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சான்றிதழில் தேதி சரியாக இருந்தால் எங்களுக்குப் போதும் சார்" என்றார். சுற்றறிக்கையைவிட அந்த ஒரு வரிதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை வட்டாரத்தில் ரசாயன ஆலைகளிலும் தோல் பதனிடும் ஆலைகளிலும் 22 ஆண்டுகளாகப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். எந்த ஆலையின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. இது ஓர் ஆலையோடு நின்ற விஷயமாக இருந்தால் மேலாளரின் அறையிலேயே பேசி முடித்திருப்பேன். ஆனால் என்னோடு வேலை பார்த்துவிட்டு வேறு வேறு ஆலைகளுக்குப் போன நண்பர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பயிற்சி மாணவர் என்றால் ஒரு நாற்காலி, ஒரு கையெழுத்துப் பதிவேடு, கடைசியில் ஒரு காகிதம்.

நான் கற்றுக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன். 2003-இல் வேறு மாவட்டத்தில் ஒரு ரசாயன ஆலைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கிருந்த மூத்த பாதுகாப்பு அலுவலர் முதல் நாள் என்னிடம் மூன்றே விஷயங்கள் சொன்னார். எதையும் தொடாதே. எனக்கு இரண்டு அடி பின்னால் வா, எனக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதே. வேலை நடக்கும்போது கேள்வி கேட்காதே, வெளியே வந்ததும் எத்தனை வேண்டுமானாலும் கேள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் பேசவே இல்லை. அவர் நிற்கும் இடத்தில் நின்றேன், குனியும் இடத்தில் குனிந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பம்பைக் கழற்றும் வேலைக்கு அனுமதிச் சீட்டு, அதாவது வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு அலுவலர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம், வந்தது. வால்வு மூடியாயிற்று, யாரும் தவறித் திறக்காதபடி பூட்டுப் போட்டாயிற்று, அட்டை தொங்கவிட்டாயிற்று என்று எல்லாக் கட்டத்திலும் குறி போட்டிருந்தார்கள். அவர் பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். ஒரே மாதிரி இரண்டு பம்புகள் அருகருகே. எழுதியிருந்த எண்கள் அமில ஆவி பட்டு அரைகுறையாக அழிந்திருந்தன. ஃபிட்டர் ஐம்பது வயதுக்காரர். இடதுபக்கப் பம்பின் நட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டார். பூட்டோ வலதுபக்கப் பம்பின் வால்வில் தொங்கியது.

நானாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. "அண்ணே, ஒரு நிமிடம் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்" என்றார். ஃபிட்டர் வைத்தார். "இந்தப் பம்புக்கு லைன் எங்கே இருந்து வருகிறது என்று கையை வைத்துக் காட்டுங்கள்" என்றார். ஃபிட்டர் குழாய்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே தடவிக்கொண்டே போனார். வளைவில் திரும்பினார், தூணைத் தாண்டினார், பூட்டு இல்லாத வால்வில் போய்க் கை நின்றது. அந்தக் கையை அவர் உடனே எடுக்கவில்லை. இடுப்பிலிருந்த பஞ்சுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், நல்ல வேளை" என்றார். மற்றவர்கள் முன்னால் மூத்தவர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "நான் இன்று திட்டியிருந்தால் அடுத்த முறை தப்பு நடந்தால் மறைப்பார். இனிமேல் அவரே வந்து சொல்வார்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. மறு வாரம் அதே ஃபிட்டர் தானே வந்து, வேறொரு இடத்தில் எண் அழிந்திருப்பதாகச் சொன்னார்.

இது எந்த வீடியோவில் இருக்கிறது? பூட்டும் அட்டையும் போடுகிற முறை எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. பூட்டு தவறான வால்வில் தொங்கும்போது ஐம்பது வயது மனிதரிடம் எந்தக் குரலில் பேசுவது என்பதைக் கூட நடந்தவன் மட்டும்தான் பார்த்திருப்பான்.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு உதவியாளராக ஓர் இளைஞர் வந்தார். பட்டயப் படிப்பில் முதல் வகுப்பு. மூடிய தொட்டிக்குள் ஆள் இறங்க ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இத்தனை பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்குக்கு) மேல் போகக் கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தோல் ஆலையில் தோலிலிருந்து முடியை நீக்கும் சுண்ணாம்பு வேலைக்குச் சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலக் கழிவுநீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கசடைக் கிளறினால் அதற்குள் அடைபட்டிருப்பதும் சேர்ந்து எழும்பும். அளவு அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இதெல்லாம் அவர் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடைகள்.

ஒரு நாள் காலை கழிவுநீர் சேகரிப்புத் தொட்டியில் அடைப்பு. மேன்ஹோல் மூடியைத் திறந்து, வாயுமானியைத் தொட்டியின் வாயருகே பிடித்து, ஆக்சிஜன் 20.8, ஹைட்ரஜன் சல்பைடு பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சட்டையைக் கழற்றி மடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். தற்செயலாக அந்த வழியில் வந்தேன். "குழாயை எவ்வளவு ஆழம் இறக்கினாய்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. வாயுமானியோடு வந்த உறிஞ்சு குழாய் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தது. அதை மாட்டி அடிவரை இறக்கினோம். பாதி ஆழத்திலேயே கருவி அலறத் தொடங்கியது. ஏணியில் நின்றவர் மேலே வந்து, மடித்து வைத்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் போடும்போது அவர் விரல் நடுங்கியது. அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய பயிற்சிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். முப்பது நாள் என்று இருந்தது. அந்த முப்பது நாளும் ஓர் அறையில் உட்கார்ந்து பழைய விபத்துப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தொட்டி திறப்பதை அவர் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. முப்பது நாளில் ஒரே ஒரு காலை யாராவது அவரைத் தொட்டியருகே நிறுத்தியிருந்தால் அந்தக் குழாயின் உறை பிரிந்திருக்கும்.

நிர்வாகங்களின் அச்சம் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி வரும் பழகுநருக்கு அதற்குப் பதில் இருக்கிறது. ஆலையில் அவருக்குத் தொழிலாளிக்குள்ள பாதுகாப்பு விதிகள் பொருந்தும், காயம் பட்டால் இழப்பீட்டுக்கு முதலாளி பொறுப்பு. கல்லூரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு வரும் மாணவரின் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு காப்பீடும் ஓர் ஒப்பந்தமும் போதும். கதவைப் பூட்டுவதால் ஆபத்து தீரவில்லை. அந்தப் பிள்ளை நாளை வேறோர் ஆலையில் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடும் நாளுக்கு அதைத் தள்ளிவைத்திருக்கிறீர்கள். அன்று ஏணியில் நிற்பது வேறு யாரோ.

ஆலையின் குறைகளை வெளியாள் பார்த்துவிடுவார் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கிறது. கைப்பேசியைக் கேட்டில் வாங்கி வையுங்கள், அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் குறையைப் பார்க்கும் கண் உங்களுக்கு நட்டம் என்று நினைக்காதீர்கள். சென்ற ஆண்டு, இந்தச் சுற்றறிக்கைக்கு முன்பு, ஒரு மாணவி எங்களிடம் பயிற்சிக்கு வந்தார். இரவு ஷிப்ட்டும் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். பெண்பிள்ளைக்கு இரவு எதற்கு என்று சிலர் தடுத்தார்கள். அவருடைய அம்மாவிடம் பேசி, ஆலை வண்டியில் வந்துபோக ஏற்பாடு செய்து, இரண்டு இரவு என்னோடு நடந்தார்.

அமிலக் கிடங்கின் பக்கத்தில் கண் கழுவும் குழாய் ஒன்று இருக்கிறது. தினமும் காலை பத்து மணிக்கு அழுத்திப் பார்த்துப் பதிவேட்டில் குறி போடுவோம். ஆண்டு முழுக்கக் குறி. அந்தப் பெண் அதிகாலை இரண்டரை மணிக்கு அதைக் காலால் மிதித்தார். தண்ணீர் நூல்போல வந்து நின்றுவிட்டது. இரவில் டிரம்களைக் கழுவ அதே மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள், அந்த நேரத்தில் தொட்டி காலி. அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நிற்காமல் கழுவ வேண்டும். எங்களிடம் இரவில் 15 விநாடிக்குக்கூடத் தண்ணீர் இருக்கவில்லை. அமிலக் கேன்களைத் தூக்கும் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. 22 ஆண்டு அனுபவம் உள்ள நான் அதைக் காணவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் கண்டார். ஒரே வாரத்தில் தனிக் குழாய் போட்டோம். அதைச் செய்த நிர்வாகம்தான் இன்று அந்தப் பெண்ணின் கல்லூரித் தங்கைகளையும் தம்பிகளையும் உள்ளே விடாதே என்கிறது.

இரவு என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு 2015 ஜனவரி 31 நினைவுக்கு வராமல் இருக்காது. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களைக் கசடு மூடியது. 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பகலில் ஆலையைச் சுற்றிப் பார்க்கிறவரின் கண்ணுக்குத் தொட்டி தெரியும், சுவர் தெரியும். இரவில் அந்தச் சுவருக்கு அருகில் ஆட்கள் படுக்கிறார்கள் என்பது தெரியாது. எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஒருவர் யார் எங்கே தூங்குகிறார், எங்கே சாப்பிடுகிறார், எந்த நிழலில் ஒதுங்குகிறார் என்பதை எல்லா ஷிப்ட்டிலும் நடந்துதான் அறிய முடியும். நான் பயிற்சிக்கு வருபவர்களை இரவில் அழைத்துப் போவதற்கு அந்த 10 பேர்தான் காரணம்.

இப்போது இந்த அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 1,000 தொழிலாளர் உள்ள ஆலைக்கும், ஆபத்தான வேலை நடப்பதாக அரசு குறிப்பிடும் ஆலைக்கும்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்றிருந்தது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 500 ஆகவும், அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைக்கு 250 ஆகவும் இறக்கியிருக்கிறது. கட்டுமான வேலைக்கும் 250. இதுவரை பாதுகாப்பு அலுவலரே இல்லாத நடுத்தர ஆலைகள் இனி ஆள் தேடும். பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மூத்தவர்கூட இல்லாத இடங்கள் அவை. அங்கே தனியாகப் போய் உட்காரப் போகிறவர்கள் இன்று உங்கள் பயிற்சிக் கூடத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பிள்ளைகள்தான்.

உள்ளே விட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வால்போலச் சும்மா பின்னால் சுற்றிவிட்டுப் போன மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் வருபவர்களிடம் முதல் நாளே ஒரு நோட்டு கொடுத்துவிடுவேன். இடது பக்கத்தில் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது, வலது பக்கத்தில் இடத்தில் என்ன இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு கோடு. பத்து வேலைகளை எட்டிப் பார்ப்பதைவிட ஒரு வேலையை அனுமதிச் சீட்டு எழுதுவது முதல் கருவிகளை எடுத்து வைத்துச் சீட்டை மூடுவதுவரை பார்க்கச் சொல்வேன். பழைய விபத்துப் பதிவேட்டை முதலில் படித்துவிட்டு அந்தந்த இடத்துக்குப் போய், இன்று அதே வேலை எப்படி நடக்கிறது என்று அரைமணி நேரம் நின்று பார்க்கச் சொல்வேன். தேநீர் வேளையில் அலுவலர்களோடு உட்காராமல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு உட்காரச் சொல்வேன். போன வாரம் எங்கே வழுக்கியது, எந்தக் கையுறை கிழிந்தது என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும்.

இன்னொன்றையும் தவறாமல் சொல்வேன். ஏதாவது வெடித்தாலோ புகை வந்தாலோ அதை நோக்கி ஓடாதே. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும். இதை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஆலையின் காற்றுப் பையைத் தினமும் காலை பார்க்கப் பழகிய பிள்ளைக்கு அது உடம்பில் ஊறியிருக்கும்.

ஆகவே கேட்கிறேன்.

ஆலை நிர்வாகிகளே, ஒரு பாதுகாப்பு அலுவலருக்கு இரண்டு மாணவருக்கு மேல் அனுப்பாதீர்கள், ஆனால் அந்த இருவரையும் முழு ஷிப்ட்டும் அவரோடு நடக்க விடுங்கள். குறைந்தது மூன்று இரவு ஷிப்ட்டாவது அதில் இருக்கட்டும். பெண்களுக்கும் அது கிடைக்க வண்டியும் துணையும் ஏற்பாடு செய்யுங்கள். தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பயிற்சி மாணவர் "நிறுத்துங்கள்" என்று சொன்னால் வேலை நிற்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். அவர் சொன்னது தவறாகவே இருந்தாலும் பத்து நிமிடம்தான் போகும்.

கல்லூரி முதல்வர்களே, அனுப்பும் ஒவ்வொரு மாணவருக்கும் விபத்துக் காப்பீடு எடுத்து, பொறுப்பு யாருடையது என்று ஆலையோடு ஒப்பந்தம் போட்டு அனுப்புங்கள். வெறும் சான்றிதழை ஏற்காதீர்கள். மாணவரின் நோட்டைக் கேளுங்கள், அதில் உள்ளதை வைத்து வாய்மொழித் தேர்வு நடத்துங்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு நாளாவது உங்கள் ஆசிரியர் ஆலைக்கு வந்து, தன் மாணவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கட்டும்.

இயக்கக அலுவலர்களே, பாதுகாப்புப் படிப்பு மாணவர்களின் ஆலைப் பயிற்சி எப்படி நடக்க வேண்டும், அப்போது அவர்களுக்கு யார் பொறுப்பு என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஆய்வுக்கு வரும்போது எங்கள் பதிவேடுகளோடு பயிற்சி மாணவரின் நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பயிற்சி தருவதாகக் கணக்குக் காட்டி அறைக்குள் உட்கார வைக்கும் ஆலைகளிடம் விளக்கம் கேளுங்கள்.

என் ஆலை நிர்வாகத்துக்குத் தனியாக ஒன்று. அடுத்த அணி மாணவர்கள் வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்டுக்கு வருகிறார்கள். அதற்கு முன் நேர அலுவலகச் சுவரிலிருக்கும் அந்தக் காகிதத்தை எடுத்துவிடுங்கள். அவர்களுக்கான நோட்டுகளை வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாதுகாப்பு அலுவலர்,
வாலாஜாபேட்டை